வாரிசு இல்லாத வீட்டில் பிறந்த சொல்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் என் பேத்தி கேரம் ஆடும்போது தம்பியைப் பார்த்து "சீட் பண்ணாதடா" என்று கத்தினாள். எங்கள் காலத்தில் அதற்கு அழுகுணி ஆட்டம் என்று பெயர். பரீட்சையில் என்றால் பிட் அடிப்பது, பணம் என்றால் நாமம் போடுவது, கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனால் அல்வா கொடுப்பது. இப்படி ஒவ்வொன்றுக்கும் நாம் தனித்தனியாக வைத்திருந்த இடத்தில் எல்லாம் இந்த ஒரே ஆங்கிலச் சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலத்திலும் அது அப்படித்தான். பின்னால் 'ஆன்' சேர்த்தால் கணவன் மனைவிக்குள் துரோகம், 'அவுட் ஆஃப்' சேர்த்தால் அடுத்து வருவது பறிகொடுத்த பொருள், சாவைச் 'சீட்' செய்தான் என்றால் எமனுக்கே தண்ணி காட்டினான் என்று அர்த்தம்.

சரி, இது எங்கிருந்து வந்தது? திருடர்களிடமிருந்து என்று நினைப்பீர்கள். இல்லை, அரசாங்க அலுவலகத்திலிருந்து! 'எஸ்சீட்' என்று ஒரு பழைய சட்டச் சொல். நிலம் வைத்திருந்தவன் வாரிசு இல்லாமல் செத்தால் அந்த நிலம் பிரபுவுக்கோ அரசனுக்கோ போய்விடும், அதற்குப் பெயர் எஸ்சீட். இதைக் கவனிக்க இங்கிலாந்தில் மாவட்டந்தோறும் 'எஸ்சீட்டர்' என்று அரசனின் அதிகாரிகள் இருந்தார்கள். வாரிசு இருந்தாலும் இல்லை என்று எழுதி நிலத்தைச் சுருட்டுகிறார்கள் என்று ஊரே ஏசி ஏசி, தலையில் இருந்த 'எஸ்' உதிர்ந்து, பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் மிச்சமிருந்த 'சீட்'டுக்கு ஏமாற்று என்றே பொருள் நிலைத்துவிட்டது. ஒரு இலாகாவின் பெயரே வசைச்சொல் ஆனது எனக்கென்னவோ நியாயமாகத்தான் படுகிறது.

வாரிசு இல்லை என்று எடுத்துக்கொள்வதை நம் பக்கமும் பார்த்திருக்கிறோம். 1855இல் தஞ்சாவூர் அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டத்தோடு நிற்காமல் அரண்மனைச் சொத்தையும் கைப்பற்றியது. ராணி காமாட்சி பாய் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஆனால் 1859இல், அப்போது மேல்முறையீடு போய்ச் சேரும் இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், இதை விசாரிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

அடுத்த வருஷமே, 1860இல், இந்திய தண்டனைச் சட்டம் வந்தது. அதில்தான் நம் புகழ்பெற்ற 420. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தில் 318(4) ஆகிவிட்டது, ஆனாலும் யாரும் யாரையும் முந்நூற்றுப் பதினெட்டு என்று திட்டிக் கேட்டதில்லை. இந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வாங்கிய கடனைத் திருப்பித் தராதது மட்டும் சீட்டிங் ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஏலச்சீட்டில் பணம் போன எங்கள் அத்தையோடு துணைக்கு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். சீட்டு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, மாதம் மாதம் சீட்டு நடத்தியவன் போட்ட கையெழுத்தை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அதிகாரி பொறுமையாகவே கேட்டார்: "ஆரம்பத்துலயே அவனுக்கு ஏமாத்துற எண்ணம் இருந்துச்சாம்மா?"

அத்தை நோட்டை மூடினார். "அது எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா நான் ஏன்யா சீட்டு கட்டப் போறேன்?"