நார்வேயில் ராஜா என்றால் யார்?

[திரையில்: ஒஸ்லோ அரண்மனை முற்றம். கார்கள் வந்து நிற்கின்றன. கையில் கோப்போடு ஒருவர் படியேறுகிறார்.]

வெள்ளிக்கிழமை காலை 11 மணி. விடுமுறைக் காலம் போக, அநேகமாக எல்லா வாரமும் இந்த நேரத்தில் நார்வேயின் அமைச்சர்கள் அரண்மனைக்குள் நுழைகிறார்கள். உள்ளே நீளமான மேசை. ஒரு முனையில் மன்னர் ஐந்தாம் ஹரால்ட். பட்டத்து இளவரசர் ஹாகோனும் இருப்பார். அமைச்சர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் துறையிலிருந்து வந்திருக்கும் விஷயங்களை வாசிக்கிறார்கள். புதுச் சட்டத்துக்கு ஒப்புதல், ஒரு நீதிபதியின் நியமனம், நாடாளுமன்றத்துக்குப் போகவேண்டிய மசோதா. மன்னர் கையெழுத்துப் போடுகிறார், பக்கத்திலேயே பிரதமரும் போடுகிறார்.

சண்டை, வாக்குவாதம் எல்லாம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதெல்லாம் ஏற்கனவே பிரதமர் அலுவலகத்தில் அமைச்சர்கள் தங்களுக்குள் கூடிய கூட்டத்தில் நடந்து முடிந்திருக்கும். மேசைக்கு முடிவு மட்டும்தான் வரும். அன்றைக்கே அந்தப் பட்டியல் அரசின் இணையதளத்திலும் ஏறிவிடும்.

இந்தக் கூட்டத்துக்குப் பெயர் ஸ்டாட்ஸ்ரோட். வேடிக்கை என்னவென்றால், அதில் உட்காரும் அமைச்சருக்கும் பட்டம் ஸ்டாட்ஸ்ரோட்தான். கூட்டத்துக்கும் ஆளுக்கும் ஒரே சொல்.

சரி, அப்படியென்றால் நாட்டை ஆள்வது யார்?

[திரையில்: பழைய அரசியலமைப்புச் சட்டத்தின் ஒரு பக்கம். 'மன்னர்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம்.]

நார்வே அரசியலமைப்பு 1814 மே 17 அன்று எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் உருவானது. அதன் 3ஆம் பிரிவு, நிர்வாக அதிகாரம் மன்னரிடம் இருக்கிறது என்கிறது. மன்னர் தாமே ஓர் அவையைத் தேர்ந்தெடுப்பார், அதில் ஒரு பிரதமரும் குறைந்தது 7 பேரும் இருக்கவேண்டும் என்பது 12ஆம் பிரிவு. இதை அப்படியே படித்தால் ஏதோ பழைய கால ராஜாங்கம் மாதிரி இருக்கும்.

ஆனால் இன்று அந்தப் பக்கங்களில் 'மன்னர்' என்று வரும் இடங்களில் பெரும்பாலும் 'அமைச்சரவை' என்று மனதுக்குள் மாற்றிப் படிக்கவேண்டும். ஒரு சட்டத்தில் "இதை மன்னர் முடிவு செய்வார்" என்று இருந்தால், அந்த வெள்ளிக்கிழமை மேசையில் அமைச்சரவை முடிவு செய்யும் என்று பொருள். பிரதமரின் மறுகையெழுத்து இல்லாமல் மன்னரின் முடிவு செல்லாது. 5ஆம் பிரிவு இன்னும் தெளிவு: மன்னர்மேல் குற்றம் சாட்ட முடியாது, பொறுப்பெல்லாம் அவருடைய அவையினர் தலையில்.

சொல் அப்படியே இருக்க, பொருள் எப்படி மாறியது? ஒரே நாளில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் ஒரே மன்னர். அமைச்சர்கள் மன்னரின் ஆட்கள், நாடாளுமன்றத்துக்கு வந்து பதில் சொல்லவேண்டியதில்லை. வரத்தான் வேண்டும் என்று நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. மன்னர் இரண்டாம் ஆஸ்கர் மறுத்தார். கடைசியில் நாடாளுமன்றம் அமைச்சர்களையே குற்ற விசாரணைக்கு இழுத்துப் பதவியிழக்க வைத்தது. 1884இல் எதிர்த்தரப்பின் தலைவர் யோஹான் ஸ்வெர்ட்ரூப்பையே மன்னர் ஆட்சியமைக்கக் கூப்பிடவேண்டியதாயிற்று. நாடாளுமன்றத்தின் நம்பிக்கை போனால் அமைச்சரவையும் போகவேண்டும் என்ற வழக்கம் அங்கிருந்து வருகிறது. அரசியலமைப்பில் அதை எழுதிவைத்ததோ 2007இல்! 123 வருடம் வாய்வழி மரபாகவே ஓடியிருக்கிறது.

[திரையில்: அரைவட்டமாக நாடாளுமன்ற இருக்கைகள். சில இருக்கைகளிலிருந்து ஆட்கள் எழுந்து போக, அங்கே வேறு ஆட்கள் வந்து உட்காருகிறார்கள்.]

நாடாளுமன்றத்தின் பெயர் ஸ்டோர்டிங். 169 பேர், 4 வருடம். அமைச்சராகவேண்டுமென்றால் முதலில் எம்.பி. ஆகவேண்டும் என்பதுதான் நமக்குப் பழகிய கணக்கு. அங்கே தலைகீழ். எம்.பி. ஒருவர் அமைச்சரானால் இருக்கையை விட்டு எழுந்துவிடவேண்டும். அவர் கட்சிப் பட்டியலில் அடுத்து இருக்கும் மாற்று உறுப்பினர் வந்து உட்காருவார். அமைச்சர் சபைக்கு வரலாம், பேசலாம், கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஓட்டு மட்டும் போட முடியாது. பிரதமருக்கும் இதே விதிதான். இடைத்தேர்தல் செலவு மிச்சம் என்பது என் சொந்தக் கருத்து.

பிரதமரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் அமைச்சர்களுக்கு முதலாளி இல்லை. ஒவ்வொரு அமைச்சரும் தன் துறைக்குத் தானே பொறுப்பு. "இந்தக் கோப்பில் இப்படி எழுது" என்று உத்தரவு போடச் சட்டப்படி பிரதமருக்கு அதிகாரம் கிடையாது. பிடிக்கவில்லையென்றால் ஆளை மாற்றலாம். அந்த ஒரு வழி போதாதா?

அப்புறம், புதிதாக வரும் அரசு முதலில் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயித்துக் காட்டவேண்டியதில்லை. பெரும்பான்மை எதிர்த்து ஓட்டுப் போடாதவரை பதவியில் இருக்கலாம். அதனால்தான் சிறுபான்மை அரசு அங்கே சர்வசாதாரணம். 2025 ஜனவரியில் 8 மத்தியக் கட்சி அமைச்சர்கள் கூட்டணியை விட்டு ஒரேயடியாக வெளியேறினார்கள். சண்டை ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிசக்தி விதிகளைப் பற்றியது. அரசு கவிழவில்லை. பிரதமர் யோனாஸ் கார் ஸ்டோர, தன் தொழிற்கட்சியை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினார். நேட்டோ தலைவராக இருந்துவிட்டு வந்த முன்னாள் பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பெர்க் நிதியமைச்சரானது அப்போதுதான்.

எப்போதும் இப்படித் தப்பிக்க முடியாது. 1962 நவம்பரில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் அரசுக்குச் சொந்தமான நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 21 பேர் செத்துப்போனார்கள். பாதுகாப்பில் அரசு கோட்டை விட்டதாகக் கோபம். அன்றைக்கு 150 இடம். தொழிற்கட்சிக்கு 74, எதிரணிக்கும் 74. நடுவில் ஒரு சின்ன இடதுசாரிக் கட்சிக்கு 2. அந்த 2 ஓட்டு 1963 ஆகஸ்டில் மறுபக்கம் சாய்ந்தது, தொழிற்கட்சிப் பிரதமர் கெர்ஹார்ட்சனின் அரசு விழுந்தது. அடுத்து வந்த யோன் லிங் அரசு? நாலு வாரம். அதே 2 ஓட்டு திரும்பச் சாய்ந்துவிட்டது.

இதில் கவனிக்கவேண்டியது, இத்தனை நடந்தும் இடைக்காலத் தேர்தல் இல்லை. ஸ்டோர்டிங்கைக் கலைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. 4 வருடத்துக்கு இருக்கிற ஆட்களை வைத்துத்தான் எப்படியாவது பேசித் தீர்க்கவேண்டும்.

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். பனி மூடிய காடு, மரவீடுகள்.]

மன்னருக்கு உண்மையில் என்னதான் வேலை என்று கேட்பவர்களுக்கு 1940 ஏப்ரல் 10 ஒரு பதில். ஜெர்மானியப் படை ஒஸ்லோவைப் பிடித்துவிட்டது. மன்னர் ஏழாம் ஹாகோனும் அமைச்சர்களும் வடக்கே தப்பி வந்திருந்தார்கள். எல்வெரும் ஊரில் ஜெர்மன் தூதர் பிராயர் மன்னரைச் சந்தித்து, நாஜிகளின் ஆதரவாளரான நார்வே அரசியல்வாதி குவிஸ்லிங்கைப் பிரதமராக நியமிக்கவேண்டும் என்றார். தனியாக என்னால் பதில் சொல்ல முடியாது, அமைச்சரவையைக் கேட்கவேண்டும் என்றார் மன்னர்.

நீபெர்க்சுண்ட் என்ற சின்ன ஊரில் அமைச்சரவை கூடியது. அரண்மனை மேசை இல்லாத ஸ்டாட்ஸ்ரோட் அது. அங்கே மன்னர் சொன்னதன் சாரம் இது: முடிவு உங்களுடையது. உயிர்ச்சேதத்தைத் தவிர்க்க நீங்கள் ஒப்புக்கொண்டால் புரிந்துகொள்வேன். ஆனால் அந்த மனிதரை என் கையால் நியமிக்க முடியாது. நீங்கள் சரி என்றால் நான் முடி துறந்துவிடுகிறேன்.

அமைச்சர்கள் மன்னரோடு நின்றார்கள். மறுப்பு தொலைபேசியில் பிராயருக்குப் போனது. மறுநாள் நீபெர்க்சுண்ட் மேல் குண்டு விழுந்தது. மன்னரும் அமைச்சர்களும் பக்கத்துக் காட்டுக்குள் பனியில் ஒதுங்கி நின்றிருந்தார்கள்.