அயோவாவின் ஆறு பேர் ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பெண்களின் விளையாட்டைப் பற்றிப் பேச அழைத்தார்கள். விளையாட்டு ஆசிரியை என்பதால் நம்மூர் மாவட்டப் போட்டிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு அதை விட்டுவிட்டு, அமெரிக்காவின் நடுவே இருக்கும் அயோவா மாநிலத்துக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். மக்காச்சோள வயலும் பன்றிப் பண்ணையுமாக இருக்கிற விவசாய பூமி அது.

அமெரிக்காவில் பள்ளிப் பெண்களுக்கு விளையாட்டு என்பதே 1972ல் வந்த 'டைட்டில் நைன்' சட்டத்துக்கு, அதாவது கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டத்துக்கு, பிறகுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். அந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய 1971-72 பள்ளி ஆண்டில், நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் சுமார் 2,94,000 பேர். பையன்கள் 36 லட்சத்துக்கும் மேல். ஆனால் அயோவாவில் பெண்களுக்கான மாநிலக் கூடைப்பந்துப் போட்டி 1920லேயே தொடங்கிவிட்டது. டிமோய்ன் நகரில், டிரேக் பல்கலைக்கழகத்தில் நடந்த அந்த முதல் போட்டியில் கரெக்‌ஷன்வில் என்ற சிற்றூர் கோப்பையைத் தட்டிச் சென்றது. அந்தப் போட்டி சட்டம் வரும்வரை காத்திருக்கவில்லை. அது எப்படி நடந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஆடியது நாம் இன்று பார்க்கும் ஐந்து பேர் ஆட்டம் இல்லை. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஃபார்வர்ட், அதாவது தாக்கி ஆடுபவர்கள்; மூன்று பேர் கார்ட், தடுத்து ஆடுபவர்கள். மைதானத்தின் நடுக்கோட்டை யாருமே தாண்டக்கூடாது. நம் ஃபார்வர்ட் மூவரும் எதிரணியின் கார்ட் மூவரும் ஒரு பாதியில், மற்ற ஆறு பேரும் மறுபாதியில். கூடையில் போடும் உரிமை ஃபார்வர்டுக்கு மட்டும்தான். பந்தைக் கையில் வாங்கினால் இரண்டு முறைதான் தட்டலாம். அதற்குள் பாஸ் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஷூட் பண்ண வேண்டும். ஒரு அணி கூடையில் போட்டதும், நடுவர் பந்தை நடு வட்டத்துக்குக் கொண்டுவந்து எதிரணி ஃபார்வர்ட் கையில் கொடுப்பார். ஆட்டம் அடுத்த பாதிக்கு மாறிவிடும். இந்தப் பாதியில் இருக்கும் ஆறு பேரும் நடுக்கோட்டருகே வந்து, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பள்ளியில் வலைப்பந்து, அதாவது நெட்பால், ஆடிய நேயர்களுக்கு இது கேட்டமாதிரி இருக்கும். இருக்கத்தான் வேண்டும், இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மாசசூசெட்ஸில் ஸ்மித் கல்லூரி ஆசிரியை செண்டா பெரென்சன், 1890களின் தொடக்கத்தில் கூடைப்பந்தைப் பெண்களுக்கு ஏற்றதாக மாற்றுகிறேன் என்று மைதானத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தார். பெண்கள் மைதானம் முழுக்க ஓடினால் உடம்பு தாங்காது, ஒருவர்மேல் ஒருவர் மோதுவது அழகில்லை என்பது அன்றைய எண்ணம். அந்தக் கோடுகள்தான் கடல் தாண்டி வலைப்பந்தாக ஆகின. இலங்கை அணியின் தர்ஜினி சிவலிங்கம் கோல் வளையத்துக்குக் கீழே நின்று பந்தை வாங்கி நிதானமாகப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வட்டத்துக்குள் இருவர் மட்டுமே கோல் போடலாம் என்ற விதிக்கும், அயோவாவின் ஃபார்வர்டுகளுக்கும் பூர்வீகம் ஒன்று.

சரி, அயோவாவுக்கு வருவோம். 1920களில் பெண்கள் போட்டியை நிறுத்தச் சொல்லி நாடு முழுவதும் ஒரு பேச்சு எழுந்தது. எழுப்பியவர்கள் ஆண்கள் மட்டும் இல்லை. 1923ல் அமெச்சூர் விளையாட்டுக் கூட்டமைப்பில் பெண்கள் பிரிவைத் தொடங்கியவர் லூ ஹென்றி ஹூவர், பின்னாளில் ஜனாதிபதியின் மனைவியானவர். மாநில சாம்பியன் பட்டம், டிக்கெட் விற்பனை, ஊர் ஊராகப் பயணம் எதுவும் பெண்களுக்கு வேண்டாம் என்றது அந்தப் பிரிவு. கெட்டிக்காரப் பெண்கள் பத்துப் பேரை ஆடவைத்து, மற்றவர்களைக் கைதட்ட வைப்பதைவிட எல்லாப் பெண்களும் ஆட வேண்டும் என்பது அவர்களின் வாதம். ஒரு பள்ளியில் நாற்பது பேர் வகுப்பை மைதானத்தில் இறக்கிப் பார்த்தவள் நான், அந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடைமுறையில் என்ன ஆனது? போட்டியை எடுத்தார்கள், அதற்குப் பதிலாக வரவேண்டிய 'எல்லோருக்கும் விளையாட்டு' பல ஊர்களில் வரவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஹூவர் அம்மையார் பிறந்ததே அயோவாவின் வாட்டர்லூ நகரில்தான். அவர் பிறந்த மாநிலம்தான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

1925ல் அயோவாவின் பள்ளி விளையாட்டுச் சங்கம், இனிமேல் பெண்கள் மாநிலப் போட்டியை நடத்துவதில்லை என்று முடிவுக்கு வந்தது. பெரிய நகரப் பள்ளிகளுக்கு அதில் வருத்தம் இல்லை. கொதித்தவர்கள் சிற்றூர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளர்கள். மிஸ்டிக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து வந்த ஜான் ஏகன்ஸ் அந்தக் கூட்டத்தில் எழுந்து, பெண்கள் கூடைப்பந்தை ஒழிக்கப் பார்த்தால் ரயில் வரும்போது தண்டவாளத்தின் நடுவில் நிற்கிற கதிதான் உங்களுக்கு என்று எச்சரித்தார். பேச்சோடு விடவில்லை. பெண்களுக்கென்றே தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அயோவா பெண்கள் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு ஒன்றியம் என்ற அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. பெண்கள் பள்ளி விளையாட்டுக்கு இப்படித் தனி நிர்வாகம் அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இல்லை.

என்னைக் கேட்டால் முழுக் கதையின் அச்சாணி இந்த 1925தான். பையன்களின் சங்கத்துக்குள் ஒரு மூலையில் பெண்கள் போட்டி இருந்திருந்தால், பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருந்திருக்கும். தனிச் சங்கத்துக்கு வேறு வேலையே கிடையாது. டிக்கெட் விற்ற காசு முழுக்கப் பெண்கள் விளையாட்டுக்கே திரும்பி வந்தது. கூடைப்பந்தில் வந்த வசூலில்தான் பின்னாளில் பெண்களுக்கு சாஃப்ட்பால், ஓட்டப்பந்தயம், கோல்ஃப் எல்லாம் வளர்ந்தன.

இன்னொரு விஷயம், பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பிரிவு கிடையாது. மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான அணிகள், எல்லோருக்கும் ஒரே போட்டி, தோற்றால் வீட்டுக்கு. வட்டாரச் சுற்றுகளில் வடிகட்டி, கடைசியில் பதினாறு அணிகள் மார்ச் மாதம் டிமோய்ன் போகும். 1955ல் கட்டிய வெட்டரன்ஸ் நினைவு அரங்கில் சுமார் 15,000 பேர் உட்காரலாம். 'களஞ்சியக் கொட்டகை' என்று செல்லமாகச் சொல்வார்கள். இருநூறு, முந்நூறு பேர் வாழும் ஊர் ஒன்று அங்கே போகிறது என்றால், ஊரே கடையைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறிவிடும். குளிர்காலத்தில் வயலில் வேலை இல்லை, எல்லா ஊரிலும் இருந்த ஒரே பெரிய கூடம் பள்ளியின் ஜிம். வேறு எங்கே போவார்கள்? பெண்கள் போட்டி வாரம் வந்தால் பனிப்புயலும் வரும் என்று இன்றைக்கும் அயோவாக்காரர்கள் சொல்வார்கள்.

டிமோய்ன் நகரம் அரங்கைக் கொடுத்ததே தவிர, அதன் பொதுப் பள்ளிகளில் நெடுங்காலம் பெண்கள் அணியே இல்லை. தலைநகரத்துப் பெண் பிள்ளைகள் கிராமத்துப் பெண்கள் ஆடுவதை டிக்கெட் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படித் தலைகீழாக நடந்த ஊர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

1954ல் ஒன்றியத்தின் பொறுப்புக்கு வந்த வெய்ன் கூலி, 2002 வரை அந்த நாற்காலியில் இருந்தார். போட்டியைத் திருவிழாவாக ஆக்கியவர் அவர்தான். இடைவேளையில் பேண்டு வாத்தியம், நூற்றுக்கணக்கான பெண்களின் அணிவகுப்பு, எல்லாச் சாம்பியன்களின் ஊர்வலம். தரையைப் பெருக்க வேண்டுமா? அதற்கும் டக்சீடோ கோட்டும் போ-டையும் அணிந்த ஆண்கள் கையில் துடைப்பத்தோடு வரிசையாக வந்து, இசைக்கு ஏற்றபடி அடியெடுத்து வைத்துப் பெருக்கிவிட்டுப் போவார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். பெண்கள் ஆட, ஆண்கள் பெருக்க! இதை யோசித்தவருக்கு என் தனிப்பட்ட பாராட்டு. தொலைக்காட்சி 1950களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது, பக்கத்து மாநிலங்களுக்கும் ஒளிபரப்பு போனது. வானொலி வர்ணனையாளர் ஜிம் ஸேபெல் குரல் என்றால் அங்கே ஒரு தலைமுறைக்கே தெரியும். வானொலியில் உட்கார்ந்துகொண்டு அவரைச் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

1968 இறுதி ஆட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் யூனியன்-விட்டன், மறுபக்கம் எவர்லி. விட்டன் ஊரின் மக்கள்தொகையே சுமார் 200தான். அந்த அணியின் ஃபார்வர்ட் டெனிஸ் லாங், அதே வாரத்தில் பென்னட் அணிக்கு எதிராகத் தனியாளாக 93 புள்ளி எடுத்திருந்தார். எவர்லியில் ஜெனட் ஓல்சன், அவரும் சளைத்தவர் இல்லை. எட்டு நிமிடமாக நான்கு கால்பகுதி, மொத்தம் 32 நிமிடம். அப்போது மூன்று புள்ளிக் கோடெல்லாம் கிடையாது, ஒரு கூடைக்கு இரண்டே புள்ளி. ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரத்துக்குப் போய், யூனியன்-விட்டன் 113, எவர்லி 107 என்று முடிந்தது. லாங் 64 புள்ளி. தோற்ற அணியின் ஓல்சன் 76! ஒரே ஆட்டத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து 140.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்றால், அந்தக் கோட்டிலிருந்துதான். மூன்றே பேர் ஷூட் பண்ணலாம், அதில் ஒருத்தி அசாத்தியத் திறமை உள்ளவள் என்றால் பந்து அவளைத் தேடியே போகும். இரண்டு தட்டுக்குள் திரும்பி, தோளை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் எழும்பி, பலகையில் பட்டு விழுகிற மாதிரி போடுவது. அந்த ஒன்றையே சிறு வயதிலிருந்து செய்தார்கள். பெண்கள் களைத்துவிடுவார்கள் என்று போட்ட கோடு, அமெரிக்கப் பள்ளி விளையாட்டின் மிகப் பெரிய ஸ்கோர்களை உண்டாக்கியது.

டெனிஸ் லாங் பள்ளி வாழ்க்கையில் மொத்தம் 6,250 புள்ளிகள் எடுத்தார். 1969ல் சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணியின் உரிமையாளர் ஃபிராங்க்ளின் மியூலி, ஆண்களின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின் 13வது சுற்றில் அவர் பெயரைச் சொன்னார். ஆணையர் வால்டர் கென்னடி அதை ஏற்கவில்லை. விளம்பரத்துக்குச் செய்ததுதான் என்றாலும், விட்டன் ஊர்ப் பெண்ணின் பெயர் நாடு முழுவதும் பரவியது. அவருடைய புள்ளிக் கணக்கை 1987ல் வென்ச்சுரா பள்ளியின் லின் லோரென்சன் தாண்டினார், 6,736.

இப்போது கார்டுகளைப் பற்றிப் பேச வேண்டும். ஃபார்வர்டுகளின் பெயரைத்தானே இவ்வளவு நேரமும் சொன்னேன்? நான்கு வருடம் ஆடி, மாநிலக் கோப்பையும் வாங்கி, ஒரு புள்ளிகூட எடுக்காமல் பள்ளியை விட்டுப் போன கார்டுகள் ஏராளம். எடுக்க விதியே இல்லை. ஃபார்வர்டுகளுக்கும் குறை இருந்தது, தடுத்தாடத் தெரியாது. டைட்டில் நைன் வந்தபின் கல்லூரிகள் பெண்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தன. கல்லூரியில் ஆடுவதோ ஐந்து பேர் ஆட்டம். பாதி ஆட்டம் தெரிந்த பெண்ணைப் பயிற்சியாளர் எதற்கு எடுப்பார்? 1983ல் மாணவிகள் மூன்று பேர் இதைச் சொல்லி வழக்குப் போட்டார்கள். ஒன்றியம் 1984-85 பருவத்திலிருந்து ஐந்து பேர் ஆட்டத்தையும் அனுமதித்தது. பெரிய பள்ளிகள் உடனே மாறின. சிற்றூர்கள் பிடிவாதமாக இன்னும் சில வருடம் ஆறு பேரோடு ஆடிப் பார்த்தன. 1993ல் கடைசிப் போட்டி, ஹப்பர்ட்-ராட்கிளிஃப் சாம்பியன். ஓக்லஹோமாவில் மட்டும் இன்னும் இரண்டு வருடம் தாக்குப்பிடித்து, 1995ல் அங்கேயும் நின்றது.

மாற்றியது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மைதானத்தின் பாதியைப் பார்க்காமலே ஒரு பெண் வளர்வது அநியாயம். பழைய ஆட்டத்தை நினைத்து உருகுகிறவர்கள் பெரும்பாலும் ஃபார்வர்டுகளும் பார்வையாளர்களுமாக இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த மாற்றத்தோடு சேர்ந்து இன்னொன்றும் போனது, பெரிய பள்ளியும் சின்னப் பள்ளியும் மோதிய ஒரே போட்டி. இப்போது மாணவர் எண்ணிக்கையை வைத்து ஐந்து பிரிவு. பிரிவுக்கு எட்டு அணி, மொத்தம் 40 அணிகள் டிமோய்ன் வருகின்றன. 2006லிருந்து புதிய அரங்கில் நடக்கிறது. முன்பைவிட அதிகப் பெண்கள் மாநில அளவில் ஆடுகிறார்கள், ஐந்து கோப்பை. அதே நேரம் எந்த ஆட்டத்துக்காக மாநிலமே வேலையை நிறுத்த வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆறு பேர் ஆட்டத்தை எடுத்தது வேறு, ஒரே போட்டியைப் பிரித்தது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

2024ல் கெய்ட்லின் கிளார்க் கல்லூரி ஆட்டத்தில் பீட் மாரவிச் என்ற ஆண் வீரரின் 3,667 புள்ளிச் சாதனையைத் தாண்டியபோது, திடீரென்று பெண்கள் கூடைப்பந்துக்கு இவ்வளவு ரசிகர்களா என்று பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. கிளார்க் வெஸ்ட் டிமோய்ன்காரர். ஆடியது அயோவா பல்கலைக்கழகத்துக்கு. அரங்கில் உட்கார்ந்திருந்த பாட்டிகளில் எத்தனை பேர் பழைய கார்ட், எத்தனை பேர் பழைய ஃபார்வர்ட் என்று யாராவது ஒரு நிருபர் கேட்டிருந்தால், அந்த ஆச்சரியம் பாதியாகக் குறைந்திருக்கும்.

நம்மூர் வலைப்பந்து, கூடைப்பந்துப் போட்டிகளின் நிர்வாகம் யார் கையில் இருக்கிறது, வசூல் எங்கே போகிறது என்பதைப் பற்றி அடுத்த முறை அழைத்தால் பேசுகிறேன். அதற்கு இந்தப் பதினைந்து நிமிடம் போதாது. வணக்கம்.