டைவ் வாட்ச்: சாவியில் வையுங்கள் கவனத்தை

நேயர்களுக்கு வணக்கம். ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச், அதாவது முங்குபவர்களுக்கான கைக்கடிகாரம், புதிதாக வாங்கியவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "சனிக்கிழமை சாயங்காலம் கழற்றி வைத்தேன், திங்கட்கிழமை பார்த்தால் நின்று கிடக்கிறது. பழுதா?" பழுதில்லை. இதில் பேட்டரி கிடையாது. கை அசைய அசைய, உள்ளே இருக்கும் அரைவட்ட எடை சுழன்று மெயின் ஸ்பிரிங்கை முறுக்குகிறது. முழு முறுக்கில் பல வாட்ச்கள் 40 மணி நேரம் போல ஓடும், அவ்வளவுதான். நாள் பூராவும் மேசையடியில் உட்கார்ந்திருப்பவர் கையில் முழு முறுக்கு ஏறாமலும் போகலாம்.

நின்றதை ஓட வைப்பது உள்ளே இருக்கும் மெஷினைப் பொறுத்தது. சீக்கோ கம்பெனியின் 7எஸ்26 போன்ற மெஷின்களில் கையால் சாவி கொடுக்க வழியே இல்லை. டயல் மேலே பார்க்கப் பிடித்து 20, 30 தடவை பக்கவாட்டில் மெதுவாக ஆட்டுங்கள். அதே கம்பெனியின் 4ஆர்36 என்றால் சாவியை, அதாவது வாட்ச்சின் பக்கவாட்டில் இருக்கும் திருகை, வலப்பக்கமாக 20, 30 சுற்று திருப்பலாம்.

அந்தச் சாவிதான் தண்ணீர் நுழையும் வாசல். டைவ் வாட்ச்சில் பெரும்பாலும் அது மரை போட்டு முறுக்கி மூடுவது. திறப்பதில் சிக்கல் இல்லை, மூடும்போதுதான் மரை கெடுகிறது. வாட்ச்சைக் கையிலிருந்து கழற்றுங்கள். சாவியை லேசாக அழுத்தி, முதலில் இடப்பக்கமாக, அதாவது திறக்கிற திசையில், மெல்லத் திருப்புங்கள். மரை பொருந்துகிற இடத்தில் சின்னதாக ஒரு தட்டல் விரலுக்குத் தெரியும். அப்புறம் வலப்பக்கம் முறுக்குங்கள். வழியில் இறுகினால் பலம் காட்டாதீர்கள். திரும்பத் திறந்து முதலிலிருந்து வாருங்கள். விரல் இறுக்கம் போதும், குறடு வேண்டவே வேண்டாம்.

200 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, கிணற்றில் குதிக்கலாமா? தாராளமாக. டைவ் வாட்ச்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம், குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது. 40 அடித் தண்ணீர் 12 மீட்டர்தான். ஆனால் அந்த எண், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் புதிதாக இருக்கும்போதுதான். வியர்வை, சோப்பு, நம்மூர் வெயிலில் வண்டி டேஷ்போர்டு, எல்லாம் சேர்ந்து ரப்பரை விறைக்க வைக்கும். பின்மூடியைத் திறந்தாலே வளையத்தைப் பார்த்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அந்த டெஸ்ட் செய்யும் கருவி இல்லாத கடையில் மூடிய வாட்ச்சோடு தண்ணீரில் இறங்காதீர்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படிந்தால் அரிசி டப்பாவில் புதைப்பது வெட்டி வேலை. அன்றைக்கே திறந்து காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். ராமேஸ்வரம் போய் வந்தால், சாவியை மூடியபடியே நல்ல தண்ணீரில் அலசி, டயலைச் சுற்றியுள்ள சுழல் வளையத்தை நாலு சுற்று சுற்றி மணலை வெளியேற்றித் துடையுங்கள்.

தேதி மாற்றுவதில் ஒரு கண்டம் உண்டு. இரவு 9 முதல் விடிகாலை 3, 4 வரை தேதிச் சக்கரத்தைப் பல் பிடித்திருக்கும். அப்போது சாவியால் தேதியைத் தள்ளினால் பல் உடையலாம். முள்ளை முதலில் 6 மணிக்குக் கொண்டுவந்து, நேற்றைய தேதி வைத்து, பிறகு முன்னோக்கி நகர்த்துங்கள்.

ஓட்டம் பற்றி: 4ஆர்36-க்கு நாளைக்கு 45 வினாடி வேகம், 35 வினாடி தாமதம் வரை கம்பெனி ஒப்புக்கொண்ட வரம்பு, அதுவும் 5 முதல் 35 டிகிரி வெப்பத்துக்குள். மதுரைச் சித்திரை வெயிலுக்கு இந்த எல்லை சிரிப்புதான். திடீரென நிமிடக் கணக்கில் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம்: ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த போன் கவர். ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். காந்தம் நீக்கும் கருவி உள்ள கடையில் நொடியில் தீரும்.

கடைசியாக, அந்தச் சுழல் வளையம். ஒரு பக்கம்தான் திரும்பும்; தெரியாமல் இடிபட்டாலும், கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமே தவிரக் குறைக்காது. அதில் இருக்கும் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால் கழிந்த நிமிடம் வளையத்திலேயே தெரியும். பம்புசெட் மோட்டார் போட்டு 40 நிமிடம் காத்திருப்பவருக்கு முங்குவதைவிட இதுதான் பயன்.