நம்ம ஊருக்கு மேலேயே ஒரு பயணம்

வணக்கம் நேயர்களே. விமானத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள், ஆனால் நான் பைலட் எல்லாம் இல்லை, வேலூர் சத்துவாச்சாரியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற ஆள். கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான். "ஏன் சார், ப்ளேன் எண்ணூறு கிலோமீட்டர் வேகத்துல போகுதுங்கறாங்க, சென்னையில இருந்து பெங்களூருக்கு இருபது நிமிஷம்தானே ஆகணும், டிக்கெட்ல ஒரு மணி அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கே?"

கணக்கு சரிதான். இரண்டு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 267 கிலோமீட்டர். விமானக்காரர்கள் இதையே 144 நாட்டிகல் மைல் என்பார்கள். அதைச் சாதாரண மைல் என்று நினைத்துப் பெருக்கினால் 35 கிலோமீட்டர் காணாமல் போய்விடும், ஏனென்றால் ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர்.

ஒருமுறை மச்சான் ஓசியில் டிக்கெட் போட்டுக் கொடுத்தான் என்று நானே போனேன். ராத்திரி 3 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, மீனம்பாக்கம் போய்ச் சேர 5.45. விமானத்தின் கதவைச் சாத்தியது 7.22, ஓடுதளத்துக்கு முன்னால் ஊர்ந்து, வரிசையில் நின்று, சக்கரம் தரையை விட்டபோது 7.44. தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் இறங்கப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். 8.22க்குத் தரை தட்டியது. கதவு திறந்தது 8.36. ஆக வானத்தில் இருந்தது 38 நிமிஷம், சராசரி வேகம் 420தான்.

ஏன் என்றால், பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 460 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த எண்ணூறு வேகமெல்லாம் மேலே ஏறி நிலைத்த பிறகு வருவது, இவ்வளவு கிட்டத்து ஊருக்கு ஏறி முடித்ததுமே இறங்க வேண்டியதாகிவிடுகிறது. டிக்கெட்டில் போடுகிற நேரமும் பறக்கிற நேரம் இல்லை, நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கிற வரைக்கும். வரிசையில் காத்திருப்பதும் அதில் சேர்த்திதான். சேலம் – சென்னையும் இதே கதை, நேர்கோட்டில் 265 கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஓடுகிற ஏடிஆர், விசிறி வைத்த சின்ன விமானம், அதிகபட்சம் ஐந்நூறு சொச்சம்தான் போகும், ஆனால் இந்தத் தூரத்துக்கு ஜெட்டை விடப் பெரிதாகப் பின்தங்காது.

சரி, என் கதைக்கு வருகிறேன். பெங்களூர் விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளியில் இறங்கி, ஊருக்குள்ளே மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர மணி 10.15. அதே 3 மணிக்கு வேலூரில் பஸ் ஏறியிருந்தால் ஏழரைக்கு அங்கே டீ குடித்திருக்கலாம். வரைபடத்தில் சென்னைக்கும் பெங்களூருக்கும் கோடு போட்டுப் பாருங்கள், வேலூருக்குச் சற்று வடக்கே, காட்பாடிப் பக்கமாகத்தான் போகும். பெங்களூருக்குப் போக 135 கிலோமீட்டர் எதிர்த்திசையில் போய், காத்திருந்து, கிட்டத்தட்ட என் வீட்டு மேலேயே பறந்திருக்கிறேன்! வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வேலூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற அப்துல்லாபுரத்து விமான ஓடுதளம் பற்றியும் கேட்பார்கள். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்ந்த இடம், வரட்டும், சந்தோஷம். அங்கிருந்து மீனம்பாக்கம் வானத்தில் 120 கிலோமீட்டர். ஆனால் அண்ணே, நம்ம சத்துவாச்சாரிக்காரன் சென்னை விமானம் பிடிக்க முதலில் சென்னைக்கு எதிர்த்திசையில், பள்ளிகொண்டா பக்கம் வண்டியைத் திருப்ப வேண்டும்.