எத்தனை எச்.பி. என்பது கடைசிக் கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

வைகாசி பிறந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் திருகோணமலையில் புல்தரை வளர்ப்பவர்களுக்கு ஒரே கவலைதான். மாரியில் பச்சைப்பசேலென்று கிடந்த முற்றம் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ஹோசைப் பிடித்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்? ஸ்பிரிங்ளர் பூட்டுவோம் என்று முடிவெடுத்துக் கடைக்குப் போவோம். அங்கே பம்பைப் பற்றிய முதல் கேள்வியே, "எத்தனை எச்.பி. வேணும் அண்ணை?" என்றுதான் வரும். எச்.பி. என்றால் குதிரைவலு, அதாவது மோட்டாரின் பலம். ஒன்று போதுமோ, ஒன்றரை எடுப்பமோ என்று யோசித்துவிட்டு, பெரிசென்றால் நல்லதுதானே என்று ஒன்றரையைத் தூக்கிக்கொண்டு வருவோம்.

பம்ப் பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில். அந்தக் கேள்வி கடைசியாக வரவேண்டியது என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். முதலில் கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள்.

உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி என்று கரையோரம் முழுக்க மணல். அந்த மணலுக்குள் நிற்கும் நல்ல தண்ணீர், அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைவிடப் பாரம் குறைவு, அதனால்தான் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் பயம் வரும். மேலே ஓரடி நிரந்தரமாக இறங்கினால் கீழே உப்பு நாற்பதடி ஏறப் பார்க்கும். ஒரே நாளில் நடக்கிற காரியமல்ல. ஆனால் பெரிய பம்பைப் போட்டு நாள்தோறும் மளமளவென்று இறைத்தால், கிணற்றுக்கு நேர் கீழே உப்புத் தண்ணீர் கூம்பு போல எழும்பி வரும். பிறகு புல் கருகுவது இருக்கட்டும், வீட்டுத் தேநீரே கரிக்கும். பக்கத்து வீட்டுக் கிணறும் அதே மணலில்தான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, புல்லுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? நம்முடைய வெயிலுக்கும் காற்றுக்கும் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் ஒரு லீற்றர். நாலு பேர்ச் புல்தரை ஏறத்தாழ 100 சதுர மீற்றர். ஆக, நாளைக்கு 500 லீற்றர். இதைக் கிணற்றில் வைத்துப் பாருங்கள். ஐந்தடி விட்டமுள்ள கிணற்றில் ஓரடித் தண்ணீர் என்பது ஏறத்தாழ 550 லீற்றர். உங்கள் முற்றத்துக்கு ஒரு நாளைக்கு வேண்டியது கிணற்றில் ஓரடி கூட இல்லை. ஒன்றரை எச்.பி. எதற்கு என்று இப்போது நீங்களே கேட்பீர்கள்.

கிணற்றை அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. நைலோன் கயிற்றில் ஒரு கனமான நட்டைக் கட்டி இறக்குங்கள். தண்ணீரில் தொடும் இடத்தில் ஒரு முடிச்சு. ஓரடி இறைத்துவிட்டு, பழைய முடிச்சு வரை தண்ணீர் ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். இதை மழை முடிந்த தை மாதத்தில் செய்து பயனில்லை. ஆவணி, புரட்டாசியில், தண்ணீர் ஆகக் கீழே நிற்கும்போது செய்ய வேண்டும். அந்த அளவுதான் பம்ப் வாங்குவதற்கான அளவு.

இனி அழுத்தம். கூரைக்கு மேலே டாங்கி இருக்கிறதே, அதிலிருந்து ஸ்பிரிங்ளருக்கு விடலாமே என்று பலர் கேட்கிறார்கள். இருபதடி உயரத்து டாங்கி ஏறத்தாழ 0.6 பார் அழுத்தம்தான் தரும். சுழலும் ஸ்பிரிங்ளருக்கு இரண்டு முதல் மூன்று பார் வேண்டும். டாங்கியிலிருந்து விட்டால் தண்ணீர் ஸ்பிரிங்ளரின் காலடியிலேயே வடியும், சுற்றாது.

ஒரு உதாரணம் போடுவோம். நாலு ஸ்பிரிங்ளர், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 12 லீற்றர். மொத்தம் 48. இரண்டரை பார் அழுத்தம் என்பது 25 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்குவதற்குச் சமம். பம்பிலிருந்து கிணற்றுத் தண்ணீர் மட்டம் வரை 5 மீற்றர். குழாயில் உராய்வுக்கு இன்னொரு 5 மீற்றர். கூட்டினால் 35 மீற்றர். இப்போது கடைக்குப் போய், "35 மீற்றர் ஹெட்டில் நிமிடத்துக்கு 48 லீற்றர் தருகிற பம்ப் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஹெட் என்பது இந்தக் கூட்டிய உயரம்தான். பெரும்பாலும் அது ஒரு எச்.பி. பம்பாக இருக்கும். பத்து நிமிடத்தில் உங்கள் 500 லீற்றரும் முடிந்துவிடும். கிணறு மெதுவாக ஊறுகிறதென்றால் இரண்டு வால்வு போட்டு, புல்தரையை இரண்டு பாதியாகப் பிரித்து, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று விடலாம். அப்போது பம்பும் சின்னதாகிவிடும். என்னைக் கேட்டால் கரையோர வீடுகளுக்கு இதுதான் சரி.

பம்பின் தகட்டில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது கவனம். எச் மேக்ஸ் (ஆகக் கூடிய உயரம்) 40 மீற்றர், கியூ மேக்ஸ் (நிமிடத்துக்கு ஆகக் கூடிய தண்ணீர்) 40 லீற்றர் என்று அடித்திருப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள்தான் அதிகம். 40 மீற்றர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது. 40 லீற்றர் வரும்போது உயரம் பூச்சியம். நடுவில் எவ்வளவு என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் வளைகோடாகப் போட்டிருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் வேறு கடை பார்க்கலாம்.

அரை எச்.பி. பெரிபெரல் பம்ப் மலிவு, கைக்கு அடக்கம். ஆனால் அதற்குள் சுழலும் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவில் இடைவெளி மிக நுணுக்கம். நம் கிணற்று மணல் கொஞ்சம் போனாலும் தேய்ந்து அழுத்தம் விழுந்துவிடும். ஸ்பிரிங்ளருக்குச் சென்ட்ரிபியூகல் அல்லது ஜெட் பம்ப் நல்லது. தண்ணீர் கொஞ்சம் கரிக்கும் இடங்களில் வார்ப்பிரும்புச் சக்கரம் வேண்டாம், பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாருங்கள். தண்ணீர் 7 மீற்றருக்கும் கீழே நின்றால் மேலே வைக்கிற சாதாரண பம்ப் இழுக்காது. எத்தனை எச்.பி. போட்டாலும் இழுக்காது, ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம். அங்கே கிணற்றுக்குள் இறக்கும் பம்ப்தான் வழி.

குழாயில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு அங்குலக் குழாய்க்குப் பதிலாக முக்கால் அங்குலம் போட்டால் உராய்வு ஏறத்தாழ நாலு மடங்கு. பம்ப் அழுகிறது என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் பம்பில் பிழை இருக்காது. உறிஞ்சும் பக்கத்து மூட்டில் காற்று புகும், இல்லாவிட்டால் உறிஞ்சும் குழாயின் அடிநுனியிலுள்ள ஃபுட் வால்வில் மணல் சிக்கியிருக்கும். வால்வைக் கிணற்றின் அடியில் இருந்து ஒன்றரை அடியாவது தூக்கிக் கட்டுங்கள்.

குழாய்த் தண்ணீர் லைனில் நேரடியாகப் பம்ப் பூட்டலாமா என்றும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் நின்றுவிடும். லைனில் எங்காவது கசிவிருந்தால் வெளியே இருக்கும் அழுக்கும் உள்ளே இழுபடும்.

மின்சாரத்தில் இரண்டே விஷயம். எர்த் கட்டாயம், மின் கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நடக்கப்போவது உங்கள் பிள்ளைகள். அப்புறம், தண்ணீர் இறங்கினால் தானாக நிற்கும் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று போட்டால் பம்ப் காய்ந்து ஓடிக் கருகாது.

விடியற்காலையில், காற்று எழும்புமுன் விடுங்கள். பின்னேரம் விடுவதென்றால் காற்று தணிந்தபின் விடுங்கள். கச்சானில் மத்தியானம் விட்டால் பாதித் தண்ணீர் மதிலுக்குத்தான். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒன்று: பச்சைப் புல்லைக் கண்டால் தெருவில் திரியும் மான்களும் கட்டாக்காலி மாடுகளும் வந்து மேய்வதோடு ஸ்பிரிங்ளர் தலையையும் மிதித்து உடைக்கும். மதிலோரமாகப் பூட்டுங்கள், இரவில் படலையைச் சாத்துங்கள். அதற்கு நான் பூட்டுகிற பம்பில் மருந்தில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தால் ஸ்பிரிங்ளருக்கு வேலையில்லை. அதற்காகப் பம்பைத் தை மாதம் வரை அப்படியே விட்டால் சக்கரம் துருப்பிடித்து இறுகிவிடும். வாரத்துக்கு ஒரு தரம் இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். ஓடும்போது சத்தத்தையும் கேளுங்கள், சரசரவென்று மணல் சத்தம் வந்தால் உடனே நிறுத்தி ஃபுட் வால்வைப் பாருங்கள்.

வணக்கம்.