வீட்டைப் பார்க்க யாரை அழைத்துச் செல்வது?

நேயர்களுக்கு வணக்கம். நம் திருகோணமலையில் வீடு வாங்குகிறவர்கள் காணி உறுதியைப் பார்ப்பதிற் காட்டும் அக்கறையில் காற்பங்கைக்கூட அந்த வீட்டின் கூரையைப் பார்ப்பதிற் காட்டுவதில்லை என்பது, கட்டட வேலைத்தலங்களில் நெடுங்காலம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நின்ற நான் கண்டது. நொத்தாரிசு காணிப் பதிவகத்திற்குப் போய்த் தேடுகிறார்; நில அளவையாளர் எல்லைக் கல்லைக் காட்டுகிறார்; ஆனால் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒருவரும் போவதில்லை. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்தாரே என்பார்கள். அவர், கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று வங்கிக்காகப் பார்க்க வந்தவர்; முகட்டில் ஏறுவது அவருடைய வேலையன்று.

கனடாவில் இருக்கும் உறவினர்கள் "இன்ஸ்பெக்டர் பார்த்தாரா?" என்று தொலைபேசியிற் கேட்கிறார்கள். அங்கே வீட்டைப் பரிசோதிப்பது தனித் தொழில். இங்கே அது அவ்வாறு வேரூன்றவில்லை. ஆகையால் ஒரு குடிசார் பொறியியலாளரையோ, அனுபவமுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ நாமே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பொறியியலாளரானால் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொறியியற் பேரவையிற் பதிந்தவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மின்சாரத்துக்கு வேறொரு மின்னியலாளரை அழைப்பது நல்லது.

படிப்பைவிட நான் முதலிற் கேட்பது, வருகிறவர் யாருடைய ஆள் என்பதைத்தான். தரகர் அழைத்து வருகிறவர் தரகரின் அடுத்த வீட்டுக்கும் வரவேண்டியவர். விற்பனை குழம்புவதை அவர் விரும்பமாட்டார். திருத்த வேலையையும் தானே எடுக்க நினைக்கும் மேசனுக்கோ சிறிய வெடிப்பும் பெரிதாகத் தெரியும். கூலியை முன்கூட்டியே பேசி, விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதே தொகை என்று சொல்லிவிடுங்கள்.

இந்த ஊரில் அவர் முதலிற் பார்க்க வேண்டியது உப்பை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிற் கடற்காற்றுப் படும் வீடுகளில், கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி கறல் பிடிக்கும்போது அந்தக் கறல் இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொண்டு, மூடியிருக்கும் கொங்கிறீற்றை உள்ளிருந்தே உடைத்துத் தள்ளுகிறது. கழுவாத கடல் மணலிற் கட்டியிருந்தால் இன்னும் விரைவாகவே அது நிகழும். யன்னலுக்கு மேலுள்ள வளைகளையும், கொங்கிறீற்றுத் தட்டின் அடிப்பக்கத்தையும் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்டால், உட்புறம் விட்டுப்போன இடம் வெற்றோசை தரும். கம்பியின் நீளத்துக்கே ஓடும் வெடிப்பும், பழுப்பு நிறக் கசிவும் அதே கதையைச் சொல்லும். ஒரு மூலையில் மட்டும் பூச்சுப் புதிதாக இருந்தால் ஏன் என்று கேட்கச் சொல்லுங்கள். நெடுங்காலம் பூட்டிக் கிடந்து பிறகு பகுதி பகுதியாகத் திருத்திய வீடுகளும் நம்மிடையே உண்டு. பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தையும், நிலைகளிலும் தீராந்திகளிலும் கறையான் ஏறிய மண் தடத்தையும் அங்கே நின்று பார்க்க வேண்டும்.

நானும் ஒருமுறை ஏமாந்தேன். மைத்துனருக்காக ஓகஸ்ட் மாதக் கடும் வெயிலில் ஒரு வீட்டைப் பார்த்தேன். புது வண்ணப்பூச்சின் மணம் மூக்கைத் துளைத்தது. நான் அதைச் சுத்தம் என்று எடுத்துக்கொண்டேன். டிசெம்பரில் அவர்கள் கட்டிலை அறைக்குள் மூன்று முறை நகர்த்தினார்கள். வடகீழ்ப் பருவமழையிற்றான் நம் கூரைகள் உண்மை பேசும். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், கூரைக்குள் ஏறி மரங்களில் நீர்க்கறை தேடட்டும். தட்டையான கொங்கிறீற் கூரையானால் குழாயால் நீர் தேக்கிவைத்து மறுநாள் அடியிற் பார்க்கட்டும். கிணற்றுக்கு மட்டும் கோடையே நல்ல காலம், உவர்ப்பு அப்போதுதான் நாக்கில் தெரியும். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்கிறதா என்பதை அளந்தே பார்க்க வேண்டும். பக்கத்து வளவுக்குழியையும் சேர்த்து.

பரிசோதனை நாளில் நீங்களும் கூடவே நடவுங்கள். "வாங்கலாமா?" என்று அவரிடம் கேட்காதீர்கள், அது உங்கள் பணம், உங்கள் முடிவு. உடனே திருத்த வேண்டியது எது, ஐந்து ஆண்டு தாங்கக்கூடியது எது, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ என்ன செலவு என்று கேட்டு, படங்களோடு எழுத்தில் வாங்குங்கள். இவையெல்லாம் முற்பணம் கொடுப்பதற்கு முன் நடக்க வேண்டும். கொடுத்தபின் விலையைப் பேச உங்கள் கையில் ஒன்றும் இராது. கூரைக்குள் ஏறவிட வீட்டுக்காரர் தயங்கினால், அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். ஆளை அமர்த்தும்போதே, ஏணி கொண்டு வருவாரா என்று தொலைபேசியிற் கேட்டுவிடுங்கள். என்னத்துக்கு ஏணி என்று திருப்பிக் கேட்பவரை விட்டு வேறொருவரைத் தேடலாம். நன்றி, வணக்கம்.