வம்பு வளர்த்த வம்சாவளி

அன்பு நேயர்களுக்கு வணக்கம். கென்டக்கிக் காட்டுக்குள் வெள்ளையர் குடியேற வழி திறந்தவர் என்று அமெரிக்கர்கள் கொண்டாடும் டேனியல் பூனின் வேட்டைக் கதைகளை நீங்கள் கேட்டிருக்கலாம். நான் இன்று பேசப்போவது அவருடைய குடும்பத்தின் வம்சாவளியைப் பற்றி. எல்லைப்புறக் காட்டில் குடிசை போட்டு வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி இவ்வளவு தகவல் எப்படி மிஞ்சியது? என்னைக் கேட்டால், தகராறுதான் காரணம் என்பேன். உழுது, அறுத்து, அமைதியாகச் செத்தவர்களைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. வம்பில் மாட்டியவர்கள் காகிதத்தில் ஏறினார்கள்.

டேனியலின் தாத்தா ஜார்ஜ் பூன், இங்கிலாந்தில் டெவன் பகுதியைச் சேர்ந்த நெசவாளி. குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் சபைக்காரர். முதலில் பிள்ளைகள் மூவரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பி நிலவரம் பார்க்கச் சொன்னார். 1717இல் மற்றவர்களோடு தானும் வந்து சேர்ந்தார். 1744இல் அவர் இறந்தபோது பிள்ளைகள் 8, பேரப்பிள்ளைகள் 52, கொள்ளுப்பேரப்பிள்ளைகள் 10, ஆக 70 பேர். பைபிளில் யாக்கோபின் குடும்பம் எகிப்துக்குப் போனபோதும் இதே கணக்குத்தான் என்று வீட்டுக்காரர்களே குறித்துவைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பெருமைதான்!

இனி வம்பு. ஜார்ஜின் மகன் ஸ்கொயர் பூன்தான் டேனியலின் அப்பா. ஸ்கொயரின் மூத்த மகள் சாரா 1742இல் சபைக்கு வெளியே மணம் செய்துகொண்டாள். ஸ்கொயர் சபை முன் மன்னிப்புக் கேட்டார். 1747இல் மூத்த மகன் இஸ்ரேலும் அதையே செய்தான். இந்தத் தடவை ஸ்கொயர் பணியவில்லை. 1748இல் சபையை விட்டு நீக்கினார்கள். யார் யாரை எப்போது மணந்தார்கள் என்பதெல்லாம் சபைப் பதிவேட்டில் ஏறியது இப்படித்தான். 1750இல் குடும்பம் கிளம்பி வட கரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பக்கம் போய்விட்டது.

அங்கே பக்கத்தில் இருந்தது பிரையன் குடும்பம். 1756இல் டேனியல், ரெபெக்கா பிரையனை மணந்தார். டேனியலின் தங்கை மேரியோ ரெபெக்காவின் அப்பாவோடு பிறந்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள். அதாவது தங்கை கணவரே டேனியலுக்குச் சின்ன மாமனார். அப்புறம் ரெபெக்காவின் சகோதரி மார்த்தாவை டேனியலின் தம்பி எட்வர்ட் கட்டிக்கொண்டார். வம்சாவளி வரைகிறவர்களுக்குத் தலை சுற்றும் இடம் இது.

பிறகு வெள்ளையர் குடியேறிய கென்டக்கியில் ஒரே நிலத்துக்கு நாலு பேர் பட்டா கோரினார்கள். பூர்வகுடிகளான ஷானி, செரோக்கி மக்கள் வேட்டையாடிவந்த பூமி அது. அவர்கள் உரிமையை அந்த நீதிமன்றங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. அந்த மரத்தில் எல்லை அடையாளம் வெட்டியது யார், கூட இருந்தது யார், உனக்கு வயது என்ன என்று கேள்விமேல் கேள்வி. கென்டக்கியின் 1790, 1800 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் தொலைந்துபோய்விட்டன. ஆகவே அந்தச் சாட்சி வாக்குமூலங்கள்தான் இன்று கைகொடுக்கின்றன.

சில சேதிகள் பெயர் மட்டுமே தெரிந்த மனிதர்கள் வழியாக வந்தன. 1773 அக்டோபரில் டேனியலின் மூத்த மகன் ஜேம்ஸ், 16 வயதில் வர்ஜீனியாக் காட்டில் கொல்லப்பட்டான். நடந்ததை ஒளிந்திருந்து பார்த்துவிட்டு வந்து சொன்னவர் ஆடம் என்ற கறுப்பின அடிமை. ஜேம்ஸுக்கு வம்சாவளியில் தேதியோடு இடம் இருக்கிறது. ஆடமின் தாய் தகப்பன் யார் என்று எவரும் எழுதவில்லை.

லைமன் டிரேப்பர் என்ற வரலாற்றுத் தொகுப்பாளர் 1851இல் டேனியலின் கடைசி மகன் நேதனையும் அவர் மனைவி ஆலிவையும் உட்காரவைத்து நாள்கணக்கில் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் தாள்கள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. பூன் குடும்பத்தைப் பற்றி ஒரு பழைய வதந்தியும் உண்டு. டேனியல் நெடுநாள் வெளியே போயிருந்தபோது பிறந்தவள் மகள் ஜெமைமா, அவளுக்கு அப்பா அவருடைய தம்பிதான் என்று. சரி, மெய்யோ பொய்யோ, ஜெமைமாவின் தாத்தா ஸ்கொயர்தான், பாட்டி சாரா மோர்கன்தான். அதற்கு மேலே ஒரு கிளையும் மாறாது. ஊர் வாய்க்கு இது புரிந்ததாகத் தெரியவில்லை.

டேனியலுக்குப் பிள்ளைகள் 10 பேர், அதில் ஆண் 6. ஜேம்ஸ் போனது சொன்னேன். இரண்டாவது மகன் இஸ்ரேல் (பெரியப்பா பெயரேதான்) 1782இல் புளூ லிக்ஸ் சண்டையில் மணமாகாமலே மாண்டான். வில்லியம் கைக்குழந்தையாகவே இறந்தது. மிச்சம் டேனியல் மோர்கன், ஜெஸ்ஸி, நேதன். ஆக, பூன் என்ற குடும்பப் பெயரோடு "நான் டேனியலின் நேர் வாரிசு" என்று ஒருவர் வந்தால், எந்த மகன் வழி என்று கேளுங்கள். இந்த மூவரில் ஒருவரைச் சொன்னால் உட்காரவைத்துப் பேசலாம். இஸ்ரேல் என்றால், காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

வணக்கம்.